வைக்கிங் மக்களின் உடை – ஒரு ஜவுளிக்காரனின் பார்வை

துணியோடு நாற்பது வருஷம் பழகியவன் நான். வந்தவாசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அகமதாபாத்துக்கு வந்து, மொத்த ஜவுளிக் கடையில் கணக்கு எழுதி, பிறகு சொந்தமாகக் கடை வைத்தவன். கல்லூரிப் படிப்பு கிடையாது. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் படித்த புத்தகங்கள்தான் என் பல்கலைக்கழகம். அப்படிப்பட்டவன் சோழர் காலத்தைப் பற்றியோ நம் ஊர்க் கல்வெட்டைப் பற்றியோ எழுதாமல், ஐரோப்பாவின் வடகோடியில் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த வைக்கிங் மக்களின் சட்டையைப் பற்றி எழுதுகிறானே என்று அன்பர்கள் வியக்கலாம். காரணம் இருக்கிறது. அந்தச் சட்டையை நானே கையால் தைத்துப் பார்த்தேன். தைத்தபோதுதான், வரலாறு என்று நாம் சொல்வதில் எது கிடைத்தது, எது நாம் சேர்த்தது என்ற வித்தியாசம் எனக்கு உறைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கொம்பு எங்கிருந்து வந்தது?

2019 ஜூலையில் டென்மார்க்கில் ஆர்ஹுஸ் நகரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஊருக்கு வெளியே மோஸ்கோர் என்ற இடத்தில் ஒரு அருங்காட்சியகம். அதன் பக்கத்துக் கடற்கரையில் 1977இல் தொடங்கிய வைக்கிங் திருவிழா கோடைதோறும் நடக்கும். பேரனுக்கு ஒரு கொம்பு வைத்த தொப்பி வாங்கித் தரலாம் என்று நான் சொல்ல, அவன் சிரித்துவிட்டான். "தாத்தா, வைக்கிங்குக்குக் கொம்பு கிடையாது!"

அவன் சொன்னது சரி. நார்வேயில் கியெர்முண்ட்பு என்ற இடத்தில் 1943இல் கிடைத்த வைக்கிங் காலத் தலைக்கவசத்தில் கொம்பு இல்லை. டென்மார்க்கில் 1942இல் கிடைத்த கொம்புக் கவசங்களோ வெண்கலக் காலத்தவை. வைக்கிங்குகளுக்கு 1500 வருஷத்துக்கும் மேல் மூத்தவை. பிறகு யார் கொம்பு வைத்தது? 1876இல் ஜெர்மனியின் பைராய்ட் நகரில் வாக்னரின் இசை நாடகம் அரங்கேறியபோது, கார்ல் எமில் டோப்லர் என்ற உடை அமைப்பாளர் சில பாத்திரங்களுக்குக் கொம்பும் சிறகும் வைத்தார். அது மனதில் ஒட்டிக்கொண்டது. மேடைக்காகத் தைத்த உடை, கொஞ்ச காலத்தில் வரலாறாகவே ஆகிவிட்டது. பார்த்தீர்களா, தையல்காரன் நினைத்தால் ஒரு இனத்தின் தலையிலேயே கொம்பு முளைக்க வைக்கலாம்!

அந்தத் திருவிழாவில் கூடாரத்து வாசலில் ஒரு அம்மையார் உட்கார்ந்து கம்பளித் துணியைத் தைத்துக்கொண்டிருந்தார். பகலில் வேறு வேலை பார்ப்பவர், இது பொழுதுபோக்கு. ஐரோப்பாவில் இப்படிப் பலர் இருக்கிறார்கள். மெஷின் தொடாமல், பழைய முறைப்படி ஊசி நூலாலேயே தைத்து, அதை உடுத்திக்கொண்டு கூடுகிறார்கள். நான் ஜவுளிக்காரன் என்றதும் அவர் உற்சாகமாகித் தன் மேலாடையின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வெளிப்பக்கம் அழகாக இருப்பது பெரிசில்லை, உள்பக்கம்தான் தைத்தவரின் நேர்மை என்று எங்கள் கடைத் தையல்காரர் சொல்வது ஞாபகம் வந்தது. "இதில் எவ்வளவு நிஜம்?" என்று கேட்டேன். மகள் மொழிபெயர்த்தாள். அந்த அம்மையார் யோசித்து, தோளிலிருந்து மார்புவரை தொட்டு "இதுவரை ஓரளவு தெரியும்" என்றார். இடுப்புக்குக் கீழே தொட்டு "இது நான் நினைத்தது" என்றார். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மண் விட்டுவைத்த துண்டுகள்

ஏன் மார்புவரை மட்டும் தெரியும்? இதற்கு விடை ஸ்வீடன் நாட்டில் பிர்கா என்ற தீவு நகரில் இருக்கிறது. அங்கே யால்மர் ஸ்டோல்ப என்ற அறிஞர் 1870களிலிருந்து சுமார் 1100 கல்லறைகளைத் தோண்டினார். துணி மண்ணில் மக்கிப்போகும், அது இயற்கை. ஆனால் அந்தக் காலத்துப் பெண்கள் தோளுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஆமை ஓடு போலக் குவிந்த உலோக ஊக்குகள் குத்தியிருந்தார்கள். மேலாடையின் தோள்வார்களை மாட்டிப் பிடிப்பதற்கு. அந்த உலோகம் களிம்பேறிக் கரைந்தபோது, அதன் அடியில் ஒட்டியிருந்த துணியை மட்டும் மக்காமல் காத்துவிட்டது. ஆக, உலோகம் இருந்த இடத்தில் துணி பிழைத்தது. பாவாடை விளிம்பில் யார் ஊக்கு குத்துவார்கள்? அதனால் ஆடை எவ்வளவு நீளம், கீழே எவ்வளவு விரிவு என்பதெல்லாம் மண்ணோடு போயிற்று.

விரலகலத் துணுக்குகள்தான் பெரும்பாலும். அக்னஸ் யேயர் என்ற அம்மையார் அவற்றை ஆராய்ந்து 1938இல் நூலாக வெளியிட்டார். 1974இல் இங்கா ஹெக் என்ற அறிஞர் அதே துணுக்குகளில் எது மேலே, எது கீழே என்று அடுக்கு அடுக்காகப் பிரித்துப் பார்த்து, பெண்கள் உள்ளே சட்டை, அதன் மேல் தோள்வார் ஆடை, அதற்கும் மேலே அங்கி என்று உடுத்திய முறையைக் காட்டினார்.

இன்னொரு வகை ஆதாரம் எனக்கு மிகவும் வேடிக்கையாகப் பட்டது. இன்றைய ஜெர்மனியின் வடக்கில் ஹேடபி என்ற துறைமுகம் இருந்தது. 1979, 1980ஆம் ஆண்டுகளில் அதன் நீரடியைத் தோண்டியபோது தார் படிந்த கந்தல்கள் கிடைத்தன. பழைய உடுப்புகளைக் கிழித்து, கப்பலுக்குத் தார் பூசப் பயன்படுத்தி எறிந்திருக்கிறார்கள். தாரும் சேறும் அவற்றைக் காத்தன. கல்லறையில் கிடைப்பது போட்டு அனுப்பிய நல்ல துணி; துறைமுகத்தில் கிடைத்ததோ உழைப்பாளி போட்டுக் கிழிந்த துணி. வேண்டாம் என்று எறிந்த கந்தல்தான் சாதாரண மனிதனின் சாட்சியாக நின்றது.

முழுசாகக் கிடைத்தவை மிகச் சில. நார்வேயின் வடக்கே ஷோல்டஹாம் என்ற இடத்துச் சதுப்பில் 1936இல் ஒரு முழுக் கம்பளி உடுப்பு கிடைத்தது. அது 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதை உடுத்தியவர் நார்ஸ் இனத்தவரா, சாமி இனத்தவரா என்பதே இன்னும் விவாதம். டென்மார்க்கின் வீபோர்க் நகரில் 1984இல் கிடைத்த 11ஆம் நூற்றாண்டு லினன் சட்டையில், உடல் பகுதிக்கு உள்துணி வைத்து இரண்டையும் சேர்த்துத் தையல் ஓட்டியிருக்கிறார்கள். 793க்கும் 1066க்கும் இடைப்பட்டது என்று பொதுவாகச் சொல்லப்படும் வைக்கிங் யுகம் முழுவதற்கும், இத்தனை பரந்த நிலத்துக்கும், கையில் இருப்பது இவ்வளவுதான்.

ஒரு சட்டைக்கு எவ்வளவு நூல்?

வியாபாரி புத்தி, கணக்குப் போடாமல் இருக்குமா? அவர்களிடம் ராட்டை இல்லை. தக்ளிதான். நெசவுக்கு நம் குழித்தறி போன்றது இல்லை. சுவரில் சாய்த்து நிறுத்திய தறி. பாவு நூல்கள் மேலிருந்து தொங்கும். அவை விறைப்பாக நிற்கக் கீழே களிமண் அல்லது கல் குண்டுகளைக் கட்டுவார்கள். நெய்பவர் நின்றுகொண்டே நெய்து, ஊடையை மேல்நோக்கி அடிக்க வேண்டும். நாள் முழுக்கக் கை தூக்கிய வேலை!

சென்டிமீட்டருக்குப் பத்து நூல் பாவு, பத்து நூல் ஊடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டர் துணிக்குப் பாவு 1000 மீட்டர், ஊடை 1000 மீட்டர். ஆக 2000 மீட்டர் நூல். தக்ளியில் பழகிய கை ஒரு மணி நேரத்தில் சுமார் 40 மீட்டர் நூற்கும் என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஒரு சதுர மீட்டருக்கு 50 மணி நேரம். ஒரு ஆண் மேலாடைக்கு மூன்று சதுர மீட்டர் என்றால் 150 மணி நேரம். இது நூற்க மட்டும். கம்பளி வெட்டுவது, சீவுவது, பாவு கட்டுவது, நெய்வது, சாயம் போடுவது எல்லாம் தனி.

இந்த வேலையை எல்லாம் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். நார்வேயில் 1904இல் தோண்டிய ஓசபெர்க் கப்பல் கல்லறை 834ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதில் இருந்தவர்கள் இரண்டு பெண்கள். அவர்களோடு தறிகளும் நூற்கும் கருவிகளும் வைத்திருந்தார்கள். பட்டி நெய்யும் 52 மரத் தகடுகள், பாதி நெய்த நூலோடு அப்படியே கிடைத்தன. ஐஸ்லாந்தில் 'வாத்மால்' என்ற கம்பளித் துணி பணமாகவே புழங்கியது. குறிப்பிட்ட தரத்தில் ஆறு முழம் துணி ஒரு அவுன்ஸ் என்ற சட்டக் கணக்குக்குச் சமம். யோசித்துப் பாருங்கள்: கடல் கடந்தவன் பெயர் கதையில் நின்றது, அவன் பாயையும் சட்டையையும் நூற்றவள் பெயர் நிற்கவில்லை.

ஊசி பிடித்தபோது

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. கடைக்குப் பூட்டு. கையைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? கோடவுனில் கிடந்த சாம்பல் நிறக் கம்பளித் துணி மூன்றரை மீட்டர் எடுத்து, தைக்கலாம் என்று உட்கார்ந்தேன். வீட்டில் சிரிக்காதவர் இல்லை. ஏப்ரல் மாத அகமதாபாத் வெயிலில் கம்பளியை மடியில் போட்டுக்கொண்டு உட்காருபவனைப் பார்த்து வேறென்ன செய்வார்கள்?

முதல் பாடம் வெட்டுவதில். இத்தனை மணி நேர உழைப்பில் வந்த துணியை வீணாக்க மனசு வருமா? அதனால் உடல் ஒரு நீள்சதுரம், கை நீள்சதுரம். நடக்க வசதியாக இடுப்புக்குக் கீழே முக்கோணத் துண்டுகள் என்று வைத்துத் தைக்கிறார்கள். நம் குஜராத்தில் குர்தாவுக்கு 'கலி' வைப்பார்களே, அதே தந்திரம்தான். ஒன்றிலிருந்து ஒன்று வந்ததென்று நான் சொல்லவில்லை. கைநெசவுத் துணியை மிச்சம் பிடிக்க நினைக்கிற எவனுக்கும் இந்த யோசனை தோன்றும். ஆனால் எல்லாம் சதுரமும் முக்கோணமும்தான் என்று விதி செய்வதும் தவறு. ஹேடபிக் கந்தல்களில் வளைவாக வெட்டிய கைக்குழிகளும், உடம்புக்கு ஏற்ப வடிவம் கொடுத்த துண்டுகளும் இருக்கின்றன. அவர்களுக்கும் நல்ல தையல் தெரிந்திருக்கிறது.

இரண்டாவது பாடம் கழுத்தில். புத்தகத்தில் பார்த்தபடி சின்ன வட்டமாக வெட்டினேன். தைத்து முடித்துப் போட்டால் தலை நுழையவில்லை! முன்பக்கம் ஒரு பிளவு விட்டு, சிறு ஊக்கால் மூட வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தச் சின்ன ஊக்கு அலங்காரம் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது இல்லாவிட்டால் சட்டையே இல்லை. படித்தபோது தோன்றாத கேள்வி, தலை மாட்டிக்கொண்டபோது தோன்றிற்று.

மூன்றாவது, தையல். ஓட்டத் தையல், ஓரம் சுற்றும் தையல், மடித்துத் தைக்கும் தையல் என்று இந்த மூன்று நான்கு வகைக்குள்ளே வேலை முடிந்துவிடும். நம் பாட்டிமார் கந்தை ஒட்டுப்போட்ட அதே தையல்கள். அவர்களிடம் எலும்பு ஊசி, இரும்பு ஊசி, வெண்கல ஊசி எல்லாம் இருந்தன. ஊசிகளைப் போட்டு வைக்கும் சிறு குழலை இடுப்பிலோ மார்பு ஊக்கிலோ தொங்கவிடுவார்கள். ஊசி அவ்வளவு அருமையான பொருள். நான் தைத்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று.

இங்கே ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த டென்மார்க் அம்மையார் லினன் நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்துக்கொள்ளச் சொன்னார். நான் சமணன், தேனும் தேன்மெழுகும் எங்களுக்கு ஆகாது. மெழுகில்லாமல் தைத்தேன்; நூல் பிசிறிக்கொண்டே இருந்தது. விளிம்பில் பட்டு வைத்துத் தைப்பது வசதியானவர் வழக்கம். புழுவைக் கொன்று எடுக்கும் பட்டை எங்கள் வீட்டில் உடுத்துவதில்லை. அதனால் என் சட்டையில் பட்டும் இல்லை. ஆக, நான் தைத்தது வைக்கிங் சட்டையா? அதன் வெட்டு அவர்களுடையது. அதிலிருக்கும் விரதம் என்னுடையது. இதைச் சொல்லாமல் மறைத்தால் நானும் கொம்பு வைத்தவன்தான்.

பட்டும் சாயமும் வந்த வழி

நான் விட்டுவிட்ட பட்டுதான் அவர்கள் எவ்வளவு தூரம் போய்வந்தார்கள் என்பதற்குச் சாட்சி. பிர்காவிலும் ஓசபெர்க்கிலும் கிடைத்த பட்டு பைசாந்தியத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் ஆற்றுவழி வணிகத்தில் வந்தது. 922இல் வோல்கா ஆற்றங்கரையில் ரூஸ் வணிகர்களைக் கண்ட அரபுத் தூதர் இப்னு ஃபத்லான், அவர்கள் பெண்கள் மார்பில் அணிந்த உலோகப் பெட்டி போன்ற அணியைப் பற்றியும், இறந்த தலைவனுக்கு அணிவித்த பொன் பொத்தான் வைத்த பட்டு அங்கியைப் பற்றியும் எழுதிவைத்தார். பிர்கா இருந்த அதே ஏரியின் ஹெல்யோ தீவில், 1956இல் ஒரு சிறு வெண்கலப் புத்தர் சிலை கிடைத்தது. அது நம் துணைக்கண்டத்தின் வடமேற்கில் செய்தது.

இங்கிலாந்தில் யார்க் நகரிலும் லிங்கன் நகரிலும் ஒரு பட்டுக் குல்லாய் வீதம் கிடைத்தன. இரண்டு ஊருக்கும் இடையே 90 கிலோமீட்டர் அளவு. இரண்டு பட்டும் ஒரே தானிலிருந்து வெட்டியவையோ என்று ஆய்வாளர்கள் எண்ணும் அளவுக்கு நெசவு ஒத்துப்போகிறது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஒரு தான் பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக அளந்து கொடுத்த வியாபாரி ஒருவன், பேர் தெரியாமல், அந்த இரண்டு குல்லாய்களுக்கு நடுவே நிற்கிறான். என் தொழில்காரன்!

சாயமும் நமக்கு அந்நியமில்லை. நீலத்துக்கு அவர்கள் பயன்படுத்திய வோட் என்ற செடி வேறு. நம் அவுரி வேறு. ஆனால் இரண்டும் கொடுக்கும் நீலப்பொருள் ஒன்றேதான். சிவப்புக்கு அவர்கள் பயன்படுத்திய மேடர் வேர், நம் மஞ்சிட்டிக்கு உறவுக்காரச் செடி. வைக்கிங் என்றால் சேறு பூசிய பழுப்பு உடை என்று சினிமாக்காரர்கள் காட்டுவதை நம்ப வேண்டாம். நிறத்தை விரும்பிய மக்கள் அவர்கள்.

இல்லாததை நெய்யக் கூடாது

2017இல் ஒரு செய்தி உலகம் முழுக்கப் பரவிற்று. வைக்கிங் காலப் பட்டுப் பட்டிகளில் 'அல்லாஹ்' என்ற அரபு எழுத்து நெய்யப்பட்டிருக்கிறது என்று ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அறிவித்தார். பத்திரிகைகள் கொண்டாடின. பிறகு அமெரிக்காவின் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டெஃபனி மல்டர் என்ற இஸ்லாமியக் கலை வரலாற்று அறிஞர் மறுத்தார். அந்தச் சதுர எழுத்து வடிவம் புழக்கத்துக்கு வந்தது சுமார் 500 வருஷம் கழித்து. அது மட்டுமல்ல, பட்டியின் ஓரத்துக்கு அப்பால் இல்லாத பகுதியை நீட்டி வரைந்தால்தான் அந்த எழுத்து வருகிறது என்றும் காட்டினார்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கமும் ஒரு நீட்டல் உண்டு. வைக்கிங்குகளைக் கலப்பே இல்லாத ஒரு தூய இனமாகக் காட்டி, அந்தப் பெயரில் வெறுப்பு வளர்த்தவர்கள் ஐரோப்பாவில் உண்டு. நாஜிகள் அதைச் செய்தார்கள். ஆனால் 2020இல் 442 பேரின் எலும்பு மரபணுக்களை ஆராய்ந்து வெளியான ஆய்வு, தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த கலப்பு அவர்களிடம் இருந்ததைக் காட்டிற்று. பட்டு இதை முன்பே சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

அரபு எழுத்து வேண்டும் என்பவனும், தூய ரத்தம் வேண்டும் என்பவனும் செய்வது ஒன்றே. துணி முடிந்த இடத்தில் தன் ஆசையை ஒட்டுப்போடுகிறார்கள். ஒட்டுப்போடுவது தவறில்லை. ஒட்டு எங்கே தொடங்குகிறது என்று காட்டாததுதான் தவறு. செல்லரித்த ஏட்டைப் பதிப்பித்த நம் பெரியவர்கள், எழுத்து போன இடத்தில் புள்ளி வைத்தார்கள். அந்தப் புள்ளிதான் அறிவின் அடையாளம்.

நான் தைத்த சட்டை இப்போது கடையில் என் நாற்காலிக்குப் பின்னால் தொங்குகிறது. பார்ப்பவர்கள் கேட்பார்கள். ஆதாரம் உள்ள தையல்களைச் சாம்பல் நூலிலும், நானாக யோசித்துப் போட்டவற்றை நீல நூலிலும் பிற்பாடு பிரித்துத் தைத்துவைத்தேன். சாம்பல் கொஞ்சம், நீலம் நிறைய. போன வருஷம் இங்கே வந்த பேரன் அதை உள்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீலம் எல்லாம் நீங்களா தாத்தா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, நம் பிள்ளைகளுக்கு நம் பழமையைச் சொல்லிக்கொடுக்கும் நாமும், எது சாம்பல் நூல், எது நீல நூல் என்று காட்டிக் கொடுப்போம். மிச்சத்தை அவர்கள் தைத்துக்கொள்ளட்டும்.